வலமிருந்து திறக்கும் புத்தகம்

சனிக்கிழமை, காலை 6.10

திருவண்ணாமலையில் புதுச்சேரிப் பேருந்து புறப்பட்டபோது என் மடியில் ஒரு காக்கி உறை இருந்தது. உள்ளே எட்டுத் தாள்கள். அவற்றை ஒரு பெண்ணிடம் காட்டி, "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நூற்றைந்து கிலோமீட்டர், டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். ஒரு வார்த்தையைப் போனில் கேட்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள். கேட்கலாம்தான். எனக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க காமிக்ஸ்களைத் தமிழாக்குகிறவன் நான். குத்து விட்டுக்கொண்டே வசனமும் பேசும் ஆட்களின் தலைக்கு மேலே இருக்கும் பலூன்களைப் பதினெட்டு வருடமாகத் தமிழால் நிரப்பி வருகிறேன். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிவது தமிழில் பதினோரு எழுத்தாகிறது. பலூனோ அதே அளவுதான். அந்தச் சண்டையிலேயே தலை நரைத்துவிட்டது. போன வருடம்தான் முதல் முறையாகச் சொந்தமாக ஒன்று எழுதினேன். புதுச்சேரி வம்பாகீரப்பாளையத்து மீனவர் கலியபெருமாள், இஞ்சின் நின்றுபோன படகில் மூன்று நாள் தனியாளாகக் கடலில் அலைந்து திரும்பி வந்தவர். அவர் கதை.

எழுதியது நான், வரைந்தது நசீமா. அதே ஊரில் முல்லா வீதியில் இருக்கிறாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்குப் படம் போடும் வேலை. கலியபெருமாளிடம் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்பியவளும் அவள்தான். அந்தப் பதிவின் கடைசியில் அவர் ஒன்று சொல்லியிருந்தார். "எம் பொண்டாட்டி அந்த மூணு நாள் என்னா ஆச்சின்னு கேட்டுக்கினே இருக்குது. எனக்குச் சொல்ல வரல. நீங்க வரைஞ்சி குடுங்க, அது பாத்துக்கும்." இந்த ஒன்றுதான் அவர் கேட்ட கூலி.

நூற்று நாற்பத்து நான்கு பக்கம், பதினான்கு மாதம். நானும் நசீமாவும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. நான் கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்று எழுதி அனுப்புவேன். அவள் வசனம் இல்லாத படங்களை ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் அனுப்புவாள். போன வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து பலூன்களை ஒட்ட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. கலியபெருமாள் முதலில் பதில் சொல்கிறார், அதற்கப்புறம் கேள்வி வருகிறது. வலை இழுத்தாகிவிட்டது, பிறகு வீசுகிறார். நசீமா முதல் கட்டத்தை வலது மூலையில் வைத்து இடது பக்கமாக வரைந்துகொண்டே போயிருக்கிறாள், ஜப்பானியப் படக்கதையான மங்காவில் இருப்பதுபோல. நூற்று நாற்பத்து நான்கு பக்கமும் அப்படியே.

பதிப்பாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரு பொத்தானை அமுக்கினால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். திங்கட்கிழமை அச்சு. அந்தப் பெண் சரி என்று சொன்னால் புத்தகம் உண்டு, இல்லையென்றால் இல்லை" என்றார். சோதனைக்கு எட்டுப் பக்கம் திருப்பி, இடம் வலம் மாறிப்போன படகு எண்ணைக்கூடச் சரிசெய்து அச்செடுத்துக் கொடுத்தார். அதுதான் காக்கி உறை. என் முதல் புத்தகம் அந்த உறைக்குள் இருந்தது. நசீமாவுக்கு இது எதுவும் தெரியாது. கலியபெருமாளுக்குப் பக்கங்களைக் காட்ட வருவதாகத்தான் சொல்லியிருந்தேன்.

செஞ்சியில் கோட்டை பனிமூட்டத்துக்குள் பாதி இருந்தது, பாதி இல்லை. நடத்துநர் சில்லறைக்காகத் தோளைத் தட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தூங்கிப்போனேன். திண்டிவனம் வந்ததும் போனதும் தெரியாது.

காலை 9.40

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் முல்லா வீதிக்கு நூற்றைம்பது கேட்டார்.

"ரெண்டு கிலோமீட்டர்தானே?"

"நேராப் போனா ரெண்டு சார். அங்கங்க ஒன்வே போட்டு வச்சிக்கிறான். சுத்திக்கினுதான் போவணும்."

நூற்று இருபதுக்கு முடிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணெதிரே தெரிந்த தெருவை விட்டுவிட்டு, மூன்று பக்கம் சுற்றி அதே தெருவின் மறுமுனை வழியாக நுழைந்தார். அதே கடைகள் எதிர்வரிசையில் வந்தன. மருந்துக்கடை முதலில் இடப்பக்கம் இருந்தது, இப்போது வலப்பக்கம். மடியில் இருந்த உறையின் வேலையோ என்னவோ, அன்று முழுக்க எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் இடமா வலமா என்றுதான் பட்டது.

நசீமா வாசலிலேயே நின்றிருந்தாள். போனில் கேட்ட குரலுக்கு நான் உயரமான ஒரு பெண்ணை வைத்திருந்தேன், வந்தவள் என் தோளுக்குத்தான் இருந்தாள். "வாங்கண்ணா, பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சிதா?" என்றாள். அவளுடைய அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளேயிருந்தே உத்தரவு போட்டார்.

முன்னறையில் அவள் வரையும் மேசை, ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ, பக்கத்தில் ஒரு புத்தக அலமாரி. அலமாரியில் முதுகு வெளுத்த குட்டிப் புத்தகங்கள் இருநூறாவது இருக்கும். எல்லாம் மங்கா, எல்லாம் பிரெஞ்சு மொழியில்.

"இதெல்லாம் எங்க வாங்கின?"

"வாங்கல. பக்கத்துல சொல்தா வீடு" என்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவரை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் வருடா வருடம் லீவுக்கு பிரான்ஸிலிருந்து வருவார்களாம். வரும்போது பை நிறைய மங்கா. திரும்பும்போது பையில் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் இடம் வேண்டுமே, புத்தகத்தை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பத்து வயதில் நசீமா அதைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"பிரெஞ்சு தெரியுமா?"

"அப்ப தெரியாது. படத்தப் பாத்தே படிச்சிடுவேன். அப்பறம்தான் ஸ்கூல்ல எடுத்துப் படிச்சேன்."

பகல் 12.45

நெய்ச்சோறும் தாளிச்சாவும் கத்தரிக்காய்ப் பச்சடியும். நான் வாங்க வந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே சாப்பிட்டதில் மூன்று தடவை சோறு போட்டுவிட்டார்கள். இலையை எடுத்த பிறகு இனித் தள்ளிப்போட வழியில்லை. உறையைப் பிரித்து எட்டுத் தாளையும் மேசையில் பரப்பி, விஷயத்தைச் சொன்னேன்.

நசீமா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு தாளை எடுத்து, பீரோவின் முன்னால் போய்க் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் அவள் வரைந்த படம் பழையபடி ஆனது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடி எதுக்கு வச்சிருக்கேன் தெரியுமாண்ணா? ஒரு பக்கம் வரைஞ்சி முடிச்சா இதுல காட்டிப் பாப்பேன். மூக்கு கோணிக்கினு இருந்தா, படகு சாஞ்சிருந்தா, நேரா பாக்கறப்ப தெரியாது. திருப்பிப் பாத்தா தெரிஞ்சிடும். தப்பு கண்டுபிடிக்கத்தான் திருப்பிப் பாக்கறது. நீங்க அதையே அச்சடிக்கணும்னு சொல்றீங்க."

"ஏன்மா வலப்பக்கத்துல ஆரம்பிச்ச? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று பழியை அவள் பக்கம் தள்ளினேன்.

"கேக்கணும்னே தோணல. அஞ்சு வயசுல அரபி ஓதப் போனேன், அந்தப் புத்தகம் வலப்பக்கம் இருந்துதான் தெறக்கும். அப்பறம் இந்த மங்கா. தமிழ்ப் புத்தகம்னா எனக்குப் பாடம், பரிச்ச. படத்துல கதன்னா அந்தப் பக்கம் இருந்துதான் வரும்னு இருந்துட்டேன்." தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "பக்கம் பக்கமா அனுப்புனேனே, உங்களுக்குமா தெரியல?"

தாளிச்சா நன்றாக இருந்தது என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

நசீமா என்னை விடவில்லை, ஆனால் வேறு பக்கம் போனாள். "கதை அவரோடது. நாளைக்குக் காலைல கலியபெருமாள் அண்ணன்கிட்ட காட்டுவோம். அவரு சரின்னா நானும் சரி."

பாதி வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடலுக்குப் போகிற மனிதர் இடம் வலமெல்லாம் பார்த்துக்கொண்டா இருக்கப் போகிறார்?

பகல் 2 மணி

புதுச்சேரியில் ஒரு மணிக்குக் கடைகள் சாத்துவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுப்பகலில் ஓர் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விடுதியில் அறை எண்ணூறு ரூபாய். மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஜப்பானைப் பற்றி நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஜப்பானில் தங்கியிருந்த காலத்தில், படித்துவிட்டுப் போட்ட காமிக்ஸ்கள் பழைய கடைகளுக்கு வந்தன. அங்கிருந்த பையன்கள் அவற்றைப் பொறுக்கிப் படித்தார்கள். அமெரிக்கச் சினிமாவையும் பார்த்தார்கள். சொந்த ஊரில் ஏற்கெனவே இருந்த படக்கதை வழக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டார்களே தவிர அப்படியே செய்யவில்லை. அமெரிக்கப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் ஓர் ஆள் கதவை உடைத்து, எதிரியை அடித்து, தன் வரலாற்றையும் சொல்லிவிடுவான். மங்காவில் ஒருவன் கதவைத் திறப்பதற்கே மூன்று பக்கம் ஆகும். வெளியே மழை பெய்யும். ஒரு பக்கம் முழுக்க மழை மட்டும் இருக்கும். நான் மொழிபெயர்த்த கதைகளில் மழைக்கு யாரும் இடம் விட்டதில்லை.

பிறகு அந்த மங்கா அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. எங்கள் ஜனம் இடமிருந்துதான் படிக்கும் என்று, அங்கே எல்லாப் பக்கங்களையும் கண்ணாடியில் காட்டியதுபோலத் திருப்பி அச்சடித்தார்கள். வாள்வீரர்கள் எல்லாருக்கும் இடதுகைப் பழக்கம் வந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்கள் செத்தவருக்கு உடுத்துகிற மாதிரி அங்கியின் வலமடிப்பு மேலே வரக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். வரைந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். கடைசியில் அமெரிக்க வாசகர்களே எங்களுக்கு அசல் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் காக்கி உறையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கண்ணை மூடினால் சிப்பாய்கள் போட்டுவிட்டுப் போன புத்தகமும் சொல்தா வீட்டில் போட்டுவிட்டுப் போன புத்தகமும் ஒரே குவியலாகக் கிடந்தன. அதைக் குனிந்து பொறுக்குகிற குழந்தை நசீமாதான். அப்படியே தூங்கிவிட்டேன்.

மாலை 6 மணி

கடற்கரைச் சாலையில் ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். சாலை முழுக்க மனிதர்கள் மட்டும், அவசரமில்லாத மனிதர்கள். நசீமாவும் நானும் வடக்கிலிருந்து தெற்கே நடந்தோம். கடல் எங்கள் இடது கைப்பக்கம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத நேரம் அது. பாறைகள் நீலமாக இருந்தன, கடல் கிட்டத்தட்ட இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. பஞ்சுமிட்டாய் விற்கிறவர் அந்த நீலத்துக்குள்ளிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனார். தெற்கே கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதற்கும் தெற்கேதான் முகத்துவாரம், படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள் நுழைகிற வாய்.

ஒரு மணி நேரம் நடந்த பிறகு சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. ஒன்பதாம் பக்கம் அனுப்பினியே, அவர் படகு தள்ளுறார், அப்புறம் கரையில நிக்கிறார், அப்புறம் வீட்டுல சாப்பிடுறார். பின்னாலிருந்து முன்னால் போகுதேன்னு பட்டது. காலத்தைத் திருப்பிச் சொல்றே, இது ஒரு பெரிய உத்தின்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டா எனக்கு மங்கா தெரியலைன்னு நினைப்பியேன்னு கேக்கல."

நசீமா நின்றாள். "கனவு மாதிரி இருக்குன்னு மெசேஜ் போட்டீங்களே, அதுவா?"

"அதுதான்."

"அத வச்சிதாண்ணா நான் அடுத்த நூறு பக்கம் வரைஞ்சேன்" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. என் ஒரு பொய்யான பாராட்டின் மேல் ஒருத்தி பதினான்கு மாதம் நடந்து வந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி

தேங்காய்த்திட்டுத் துறைமுகம், ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். ஏலம் முடிகிற நேரம். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். கலியபெருமாள் ஒரு கவிழ்த்த மீன் கூடை மேல் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை, எப்போதோ இஞ்சின் கயிறு எடுத்துக்கொண்டது. பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை சங்கரா மீனைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வா சார். டீ சொல்லவா?" என்றதற்கு மேல் கலியபெருமாள் பேசவில்லை. பேசாத மனிதர் என்று நசீமா சொல்லியிருந்தாள்.

திருப்பிய தாள்களைக் கொடுத்தேன். அசல் பக்கங்கள் நசீமாவின் பைக்குள்ளேயே இருந்தன. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் தாளில் தன் கையைப் பார்த்தார். விரல் போன கை வலது கையாகிவிட்டிருந்தது.

"கை மாறிப்போச்சி" என்றார். "போவட்டும். எந்தக் கைல இல்லாட்டி இன்னா?"

என் மனசு லேசாயிற்று. நசீமா தரையைப் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் எட்டாவது தாளில் நின்றார். நூற்று முப்பத்தொன்றாம் பக்கம் அது. மூன்றாம் நாள் காலை, மூடுபனி, கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற கரை. ஒரு முனையில் கலங்கரை விளக்கம், மறுமுனையில் முகத்துவாரம், நடுவே சின்னதாக அவர் படகு. அதில் வசனமே கிடையாது. தாளை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம கரை இல்ல" என்றார்.

"அதே கரைதான், படம் கொஞ்சம் திருப்பி…" என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்ல சார்." எழுந்து, கிழக்கே கடல் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நின்றார். "நான் கடல்ல இருக்கறேன். கரையப் பாத்துக்கினு இருக்கறேன். லைட்டவுசு எனக்குச் சோத்துக்கை பக்கம்." வலது கையை நீட்டினார். "முகத்துவாரம் இந்தாண்ட." இரண்டு விரல் இல்லாத இடது கையை நீட்டினார். "நீ இதுல மாத்தி வச்சிக்கிற. அன்னிக்கி மூடாப்பு. கரையே தெரியல. லைட்டவுசு மட்டும் ஒரு குச்சி மாதிரி தெரிஞ்சிது. கைல தெம்பு இல்ல, ஒரு தடவதான் துடுப்புப் போட முடியும், தப்பாப் போட்டா நீரோட்டம் வடக்கால இழுத்துக்கினு பூடும். சோத்துக்கை பக்கம் லைட்டவுசு, அப்ப பீச்சாங்கை பக்கம் வீடுன்னு போட்டேன். இந்தப் படத்த நம்பிப் போட்டிருந்தா நான் வீடு வந்திருக்க மாட்டேன்."

அவர் இரண்டு கையையும் விரித்தபடியே நின்றார். அஞ்சலையின் கையில் இருந்த மீன் அப்படியே இருந்தது.

"கை வலிச்சிதா?" என்று அஞ்சலை கேட்டார்.

"வலிச்சிது."

"தண்ணி இருந்திச்சா?"

"மொத நாளோட பூட்ச்சி. ரெண்டாம் நாளு மழ பேஞ்சிது. தார்ப்பாயில புடிச்சிக் குடிச்சேன்."

"நான் இங்கியேதான் இருந்தேன். மூணு நாளும் இங்கியேதான் குந்தியிருந்தேன்."

"தெரியும்."

நானும் நசீமாவும் தள்ளிப் போய் நின்றோம். கலியபெருமாள் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். இடையிடையே அந்தத் தவறான தாளை எடுத்து, இங்கே இல்லை அங்கே என்று விரலால் மாற்றி மாற்றிக் காட்டினார். ஒருமுறை அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. சரியான படம் கொடுத்திருந்தால் அவர் பேசாமல் நீட்டியிருப்பார், அந்த அம்மா பேசாமல் பார்த்திருப்பார். தவறாக இருந்ததால்தான் அவர் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

அரை மணி கழித்து அஞ்சலையே கூப்பிட்டார். "பாப்பா, நீ வரைஞ்சதக் குடு."

நசீமா ஈரமில்லாத இடமாகப் பார்த்துச் சாக்கை விரித்து, இரண்டாம் நாளிலிருந்து கரை சேர்வது வரைக்குமான பத்துப் பக்கங்களை வரிசையாக வைத்தாள். எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்ல வாயெடுத்தபோது நசீமா என் கையைத் தொட்டு நிறுத்தினாள். அஞ்சலைக்கு எழுத்து வராது. அவர் வலது கோடியில் இருந்த தாளில் விரலை வைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாக இடப்பக்கம் வந்தார். மழைக்கு நசீமா ஒரு பக்கம் முழுக்க விட்டிருந்தாள். அங்கே விரல் ரொம்ப நேரம் நின்றது.

"எப்படி அந்தப் பக்கம் இருந்து பாக்கணும்னு தெரிஞ்சிது?" என்று பொறுக்க முடியாமல் கேட்டேன்.

அஞ்சலை என்னை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தலையைத் திருப்பாமல் வலப்பக்கம் மோவாயைக் காட்டினார். அவர் தினமும் உட்காருகிற இடத்திலிருந்து வலப்பக்கம்தான் தண்ணீர். ஒரு படகு அந்தப் பக்கமிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

"போட்டு அங்க இருந்துதான சார் வரும்?"

காலை 9.30

துறைமுக வாசலில் நின்று பதிப்பாளரைப் போனில் கூப்பிட்டேன். சரி கிடைத்ததா என்றார். கிடைக்கவில்லை, நானே வேண்டாம் என்கிறேன் என்றேன். தமிழில் யார் அப்படிப் படிப்பார்கள் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா யாரும் சொல்லித்தராமல் படித்து முடித்தார் என்றேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். யோசிக்கிறேன் என்று அவர் சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை. நசீமாவிடம் அதையும் மறைக்கவில்லை.

"பரவால்லண்ணா. அது பாத்துடுச்சி இல்ல" என்றாள். அஞ்சலையைத்தான் சொன்னாள். பதினான்கு மாத உழைப்பை அவ்வளவு எளிதாக அவள் கீழே வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அது கீழே விழக் கூடாது என்று பட்டது. மறுபடி போன் போட்டு, என் சன்மானம் வேண்டாம், வலப்பக்கமே அச்சடியுங்கள் என்றேன். அதற்கும் அவர் யோசிக்கிறேன் என்றுதான் சொன்னார்.

காலை 11.15

திருவண்ணாமலைப் பேருந்து. அதே எண்பத்தைந்து ரூபாய். காக்கி உறை இல்லை. திருப்பிய தாள்களை அஞ்சலை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். நசீமாவின் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் ஏலக்காய் வாசனை.

ஊர் முடிந்து வயல் ஆரம்பித்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. நாங்கள் மலையைச் சுற்றுகிறவர்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அத்தனை ஜனமும் அப்படித்தான் சுற்றுகிறது. அந்தக் கூட்டத்தைப் படமெடுத்து யாராவது கண்ணாடிபோலத் திருப்பி அச்சடித்தால், முதல் பார்வையிலேயே எங்கள் தெருவே சண்டைக்குப் போகும். நானும் போவேன். எங்கள் மலைக்கு ஒரு பக்கம் உண்டென்று பிறந்ததிலிருந்து தெரிந்த எனக்கு, அவர்கள் கடலுக்கும் ஒரு பக்கம் இருக்கும் என்று தோன்றவில்லை.

திண்டிவனத்துக்கு முன்னால் தூக்கம் வந்துகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. பதிப்பாளர். "முதல் பதிப்பு மட்டும் உங்கள் இஷ்டப்படி. வாசகர் குழம்பாமல் இருக்க, புத்தகத்தை எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முன்னால் ஒரு குறிப்பு போட வேண்டும். உடனே எழுதி அனுப்புங்கள். சுருக்கமாக."

நசீமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்ன எழுதப் போறீங்க?" என்றாள்.

பதினெட்டு வருடமாகச் சின்னப் பலூனுக்குள் சொற்களை அடக்கிப் பழகிய கை. பேருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது, டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதினேன். முதலில் பத்து வரி வந்தது. ஜப்பான், அமெரிக்கா, மங்கா எல்லாம் அதில் இருந்தன. அடித்துவிட்டேன். செஞ்சி வருவதற்குள் இரண்டு வரியாகக் குறைத்து அனுப்பினேன்.

இந்தப் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து திறக்கவும். கடல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவர் அங்கிருந்துதான் வீட்டுக்கு வருகிறார்.